வெள்ளிக்கிழமை எடை

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்பது எனக்கு நிச்சயமில்லை. நாதஸ்வரம் நின்ற பிறகுதான் தராசு கிரீச்சிட்டது என்று நினைக்கிறேன். தராசு கிரீச்சிட்டதால்தான் நாதஸ்வரமே நின்றது என்கிறாள் என் மனைவி செண்பகம். நிறுவனர் கட்டியிருந்த வேட்டியின் கரை பச்சை என்று எனக்கு ஞாபகம். அவள் மயில்கழுத்து நிறம் என்கிறாள். நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். பிறர் எழுத்தில் பிழை தேடுவது தொழில். என் நினைவில் இருக்கும் பிழைகளைத் திருத்துவதற்கு மட்டும் ஆளில்லை. ஆகவே நடந்தது இதுதான் என்று சொல்லாமல், என்னிடம் மிச்சமிருப்பது இதுதான் என்று சொல்கிறேன்.

செண்பகம் மந்தைவெளியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவள். அவள் விசில் ஊதினால் தெருவில் ஆட்டோக்கள் நிற்கும். ஆனால் ஒரு வருடமாக அவளுடைய வலது முட்டி போய்விட்டது. மைதானத்தில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி விசில் ஊதிக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டுப் பேசினார். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவள் மைதானத்தில் நிற்க முடியவில்லை என்றால் நூலகப் பொறுப்புக்கு மாற்றிவிடுவார்களாம்.

"லைப்ரரியாம்" என்றாள் அன்று சாயங்காலம். "உனக்குன்னா அது சொர்க்கம். வாயத் தொறக்காம செத்துப் போற வரைக்கும் உக்காந்துகினு இருப்ப. எனக்கு ஜெயிலுபா அது."

நான் கையிலிருந்த மெய்ப்பில் அடுத்த தாளைத் திருப்பினேன். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு மருத்துவர் தௌசீஃப் அவளைப் பார்த்தார். இளைஞர், மரியாதையானவர், விதிகளைக் கண்டு பயப்படுகிறவர். மூட்டு மாற்ற வேண்டும், பிப்ரவரிக்குள் செய்தால் ஜூனில் நிற்கலாம், ஆனால் எடை எண்பது கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்.

"குறைச்சிடறேன் சார். அது நம்ம வேலைதான."

"நீங்க குறைச்சா மட்டும் போதாது மேடம். குறைஞ்சிருக்குன்னு லகிமா சொல்லணும். அவங்க ஒப்புதல் இல்லாம ஆஸ்பத்திரி எனக்கு ஆபரேஷன் தியேட்டர் தராது."

"லகிமா யாரு சார், உங்க வீட்டுக்காரம்மாவா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. தி.நகரில் இருக்கும் லகிமா உடல் எடை ஆராய்ச்சிக் கழகத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஒப்பந்தம் என்று விளக்கினார். அஷ்டமாசித்திகளில் ஒன்று லகிமா, உடலைப் பஞ்சுபோல் லேசாக்கிக்கொள்வது, என்பது எனக்குத் தெரியும். அதற்கு ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் கிளை இருப்பது தெரியாது.

கட்டடத்தின் முகப்பில் நிறுவனர் டாக்டர் ஜெயராமின் இரண்டு உருவங்கள் மூன்று மாடி உயரத்துக்கு நின்றன. ஒன்றின் கீழே 'அன்று 118', இன்னொன்றின் கீழே 'இன்று 72'. இரண்டிலும் முகம் ஒரே அளவில்தான் இருந்தது. இரண்டாவதில் கறுப்புக் கோட்டுப் போட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கைகளைக் கட்டியிருந்தார். அவர் எதில் டாக்டர் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் அவர் மிகவும் எளிமையானவர் என்று பதில் சொன்னார்கள்.

எடை பார்க்கும் துலா அறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்டில் இப்படி ஒரு பலகை: 'இலக்கை அடைந்தவர்களுக்கு மட்டும்.' மற்றவர்கள் படியேறினால் அவர்களுக்குத்தானே நல்லது என்று ஆலோசகர் மதுவந்தி இனிமையாகச் சொன்னார். முட்டி தேய்ந்துதான் வந்திருக்கிறாள் என்றேன். அதனால்தான் இன்னும் நல்லது என்றார். செண்பகம் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் பின்னால் அவளுடைய கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரில் நிறுவனர் இருந்தார், கோட்டோடு.

துலா அறைக்குள் செருப்பு கூடாது. நடுவில் மரப்பலகை, பலகைமேல் சிவப்புக் கம்பளம், கம்பளத்தின்மேல் எடைக்கருவி. இரண்டு பக்கமும் பித்தளைக் கம்பி, கோயிலில் வரிசைக்குப் போடுவதுபோல. கருவியின் நெற்றியில் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து உரிந்துகொண்டிருந்தன. அதன் கழுத்துப் போன்ற கம்பத்திலிருந்து சம்பங்கியும் ரோஜாவும் கட்டிய ஆளுயர மாலை தொங்கி, மிச்சம் காலடியில், ஆள் நிற்கும் தட்டின்மேலேயே வளைந்து கிடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் புது மாலை போடுவார்கள். சேர்க்கையும் வெள்ளிக்கிழமை மட்டும்தான், நல்ல நாள். வாராந்தரப் பரிசோதனை வியாழக்கிழமை, குருவின் நாள்.

செண்பகத்தின் சேர்க்கை எடை எண்பத்தெட்டரை என்று வந்தது.

"போன வாரம்தான் ஸ்கூல்ல பாத்தேன். எண்பத்தாறு சில்லற" என்றாள்.

"அது ஸ்கூல் எடை மேடம்" என்றார் மதுவந்தி. "இது உண்மை எடை."

அவள் கருவியை நோட்டமிட்டபடி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கோடம்பாக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் வேலம்மா என்ற பெண்மணி ஏறினாள். அவளும் முகம் வாடி இறங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த அறையில் யாரும் சந்தோஷமாக இறங்கி நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமைகளில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் வெள்ளிக்கிழமை சேர்ந்து வியாழக்கிழமை இளைத்தார்கள்.

அடுத்த மூன்று மாதம் செண்பகம் உண்மையாகவே இளைத்தாள். அதில் லகிமாவுக்குப் பங்கில்லை. சோற்றைக் குறைத்தாள், நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளைச் சுழற்றிப் பயிற்சி செய்தாள், நான் மெய்ப்புப் பார்த்தபடி முறுக்குக் கடிக்கும்போது என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். எடையை நம்பத்தகுந்த முறையில் தெரிந்துகொள்ள வீட்டுக்கு ஒரு கருவி வாங்கிவிடலாம் என்று நான் முடிவு செய்தேன்.

பாண்டி பஜாரில் ஒரு கடைக்குப் போனேன். "எந்த மாரி மெஷின் சார் வேணும்?" என்றார் கடைக்காரர். "கம்மியா காட்டறதா, கரெக்டா காட்டறதா?"

"கரெக்டா காட்டறது."

"அத வாங்கிட்டுப் போறவங்க ரெண்டாம் நாளே திருப்பியாந்துடறாங்க சார். பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். கண்ணாடித் தட்டு வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வாங்குவதற்கு முன்னும் பின்னும் எடைக்கருவிகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிப்பது எனக்குச் செயல் மாதிரி. பாயில், கம்பளத்தில் வைக்கக்கூடாது, கெட்டித் தரையில் வைக்க வேண்டும். காலையில், வெறும் வயிற்றில், ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு முன் பூஜ்யம் காட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். சமையலறை மொசைக் தரையில் வைத்துப் பிரிக்காத அரிசி மூட்டையை ஏற்றினேன். மூட்டையில் அச்சிட்டிருந்ததையே காட்டியது. மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் அதையே காட்டியது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

ஜனவரித் தொடக்கத்தில் அந்தக் கருவி எழுபத்தொன்பது காட்டியது. செண்பகம் மூன்று தடவை இறங்கி ஏறினாள். மூன்று தடவையும் எழுபத்தொன்பது. அந்த வாரம் வியாழக்கிழமை லகிமாவின் கருவியும் எழுபத்தொன்பதரை என்றது.

"அப்ப முடிஞ்சுது. எழுதிக் குடு கண்ணு" என்றாள் மதுவந்தியிடம்.

"இது பரிசோதனை எடை மேடம். அறுவை ஒப்புதல் எடை தனி. அது வெள்ளிக்கிழமை, நிறுவனத்தின் பொருளை வைத்து, நிறுவனர் முன்னிலையில்தான் பார்க்க முடியும்."

மறுநாள் படியேறினோம். நிறுவனர் பட்டு ஜிப்பாவில் வந்து நின்றார். புது மாலை தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது. எண்பத்தொன்று. நிறுவனர் அவள் தலையில் கை வைத்து, "ஆசையைக் குறையுங்கள்" என்றார். அடுத்த வெள்ளியும் அதேதான்.

நான் பேசுவது குறைவு. பேசாதவனுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். அந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, எல்லோரும் நிறுவனரின் காலில் விழுந்துகொண்டிருந்தபோது, நான் யாரும் ஏறாத கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் ஏறாத கருவி இரண்டு கிலோ காட்டியது.

மதுவந்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது மெஷினோட சொந்த எடை சார்" என்றார்.

"இல்லை. மாலையோட எடை. காய்ந்துபோனால் குறைகிறது. அதனால்தான் வியாழக்கிழமை எல்லோரும் இளைக்கிறார்கள். பூஜ்யப் பொத்தானை அழுத்திவிட்டு ஏறச் சொன்னால் போதும்."

மதுவந்தி நிறுவனரைப் பார்த்தார். பூஜ்யப் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் நிறுவனரின் வட்டப் படம் ஒட்டியிருந்தது.

"பூஜ்யம் அபசகுனம்" என்றார் ஜெயராம். கோபப்படவில்லை. மேடையில் நிற்பவர்போல அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஐயா படித்தவர். படித்தவர்களுக்குத் துல்லியத்தின்மேல் ஒரு மோகம். துல்லியம் என்பது என்ன? சந்தேகத்தின் இன்னொரு பெயர். பத்து வருடத்தில் இந்தக் கருவியை ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. அதனால் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை. பூஜ்யத்தை அழுத்தச் சொல்கிறார். அழுத்தினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் உள்ளது உள்ளபடி தெரிந்துவிடும். பிறகு யார் இங்கே வருவார்கள்?"

கைதட்டினார்கள். வேலம்மாவும் தட்டினாள்.

"அந்த மாலைய ஒரு நிமிசம் எடுத்துட்டுப் பாருங்க சார்" என்றாள் செண்பகம்.

"பக்திக்கு எடை கிடையாதம்மா."

"அப்ப எடுத்துட்டா ஒண்ணும் கொறையாதுல்ல?"

நிறுவனர் பதிலுக்குத் தாமே கருவியில் ஏறிக் காட்டினார். ஏறும்போது இரண்டு பித்தளைக் கம்பிகளையும் இறுகப் பற்றி, கைகள் நடுங்க, கண்களை மூடிக்கொண்டார். அது கருவிக்குச் செய்யும் வணக்கம் என்றும், நிறுவனர் முறை என்று அதற்குப் பெயர் என்றும், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை என்றும் மதுவந்தி என்னிடம் கிசுகிசுத்தார். கருவி எழுபத்திரண்டு காட்டியது. அவர் கண்ணைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதில் திருட்டு இல்லை. அவர் அதை நம்பினார். திருடனாக இருந்திருந்தால் நான் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

வீட்டுக் கருவியை நிறுவனத்தின் பொருளாக அங்கீகரிக்கச் சொல்லி எடுத்துப் போனேன். அதற்கும் ஒரு பிரிவு இருந்தது. கருவிக்கு டோக்கன் கொடுத்தார்கள். முதலில் என் கருவியைத் தங்கள் கருவிமேல் வைத்து எடை பார்த்தார்கள். பிறகு ஒரு வாரம் கண்காணிப்பில் வைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தபோது காத்திருப்போர் அறையில் ஒரு நாற்காலியில், டோக்கனோடு, தனியாக இருந்தது. வாரத்தின் முடிவில் நிராகரித்துவிட்டார்கள். ஒரே ஆளை மூன்று தடவை ஏற்றியபோது மூன்று தடவையும் ஒரே எடையைக் காட்டியதாம். மனித உடல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது, அதை உணராத கருவிக்கு உணர்வு இல்லை என்றார் மதுவந்தி. வருத்தத்தோடுதான் சொன்னார்.

அன்றும் வெள்ளிக்கிழமை. அன்றும் எண்பத்தொன்று. மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு, மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் செண்பகம் உட்கார்ந்துவிட்டாள். முட்டி பூசணிக்காயாக வீங்கியிருந்தது. எழுப்பப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நானும் அவளுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தேன். மேல்வீட்டுக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள்.

வெகுநேரம் கழித்து, "லைப்ரரிக்கே போய்டறேன்பா" என்றாள். "நீ படிச்சதெல்லாம் நானும் படிக்கிறேன். இன்னா கீதுன்னு பாக்கறேன்."

அவளோடு இத்தனை வருடம் வாழ்ந்ததில் அவள் தோற்றுப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அதைவிட அமைதியான ஒன்று வந்தது. ஜெயராமை அவருடைய உண்மையான எடையில் உட்கார வைக்க வேண்டும், எல்லோரும் பார்க்க. அதற்குமேல் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. ஒரு புத்தகத்தை முடிக்காமல் வைக்க முடியாததுபோல அது என்னைப் பிடித்துக்கொண்டது.

லகிமாவின் பத்தாம் ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. விழா மலருக்கு மெய்ப்புப் பார்க்க, இலவசமாக, என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயராமின் வாழ்க்கைக் கட்டுரையில் பிழை திருத்திக்கொண்டே, மலரில் ஒரு குறை இருக்கிறது என்றேன்.

"என்ன குறை?"

"எல்லாம் இயந்திரத்தின் சாட்சியாக இருக்கிறது. மக்கள் சாட்சியாக ஒன்றும் இல்லை. துலாபாரம் மாதிரி."

அவர் மலரில் இருந்த தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மௌனத்தில் எனக்கு அனுபவம் உண்டு, காத்திருந்தேன்.

"எதை வைத்து?" என்றார் கடைசியில்.

"வெல்லம், சர்க்கரை, அப்படித்தான் வழக்கம்."

"சர்க்கரையா? எனக்கா?" கண்ணை மூடினார். "நம் தினை. இங்கே சேர்ந்தவர்களுக்கு நாம் விற்கும் லகிமா தினை. ஒரு கிலோப் பாக்கெட். எழுபத்திரண்டு பாக்கெட். ஐயா, இது எனக்கு இப்போதுதான் தோன்றியது."

"அற்புதமாகத் தோன்றியிருக்கிறது" என்றேன்.

"விழா வெள்ளிக்கிழமைதானே?" என்று மதுவந்தியிடம் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிடித்துக்கொள்ள அதில் கம்பி இருக்குமா?" என்றார்.

"சங்கிலி இருக்கும்."

"போதும்."

தராசுக்கு எங்கள் தெருமுனையில் பழைய இரும்பு, பேப்பர் கடை வைத்திருக்கும் கலீமுல்லாவிடம் போனேன். இரும்புக் குழாய் முக்காலியில் தொங்கும் பெரிய தராசு அவரிடம் உண்டு. ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஆள் உட்காரலாம். அந்தக் கடையில் பத்து கிலோ பேப்பர் எட்டு கிலோவாகும் என்பது தெருவுக்கே தெரியும்.

"பாய், தராசு சரியா இருக்குமா?"

"இன்னா சார், இத்தினி வருசம் பளகிட்டு இப்பிடிக் கேக்கற. தராசு பத்தர மாத்துத் தங்கம். கல்லுதான் கொஞ்சம் அப்பிடி இப்பிடி."

"கல் வேண்டாம். ரெண்டு தட்டு போதும்."

"கல்லு வாணாமா?" அவர் முகம் மாறியது. "கல்லு இல்லாத தராசுல பொய் சொல்லவே முடியாதே சார். எதுக்கு உனுக்கு?"

எதற்கு என்று சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு கடையைச் சாத்திவிட்டுத் தானே வருவதாகச் சொன்னார். வாடகை வேண்டாம், முன்வரிசையில் ஒரு நாற்காலி போதும் என்றார்.

தி.நகரில் கல்யாண மண்டபம். மேடையில் தராசு, தட்டுகளுக்குப் பட்டுத் துணி, சங்கிலிகளுக்குப் பூச்சரம். இரண்டு பக்கமும் சமமாகச் சுற்ற வேண்டும் என்று கலீமுல்லா பூக்காரரிடம் சண்டை போட்டார். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் மருத்துவர் தௌசீஃப். மூன்றாவது வரிசையில், காலை நீட்டிக்கொண்டு செண்பகம். நடக்கப்போவது அவளுக்குத் தெரியாது. என்னைத் தெரியும், ஆகவே ஏதோ தெரியும்.

"இந்தத் தட்டில் ஏறப்போவது ஜெயராம் என்ற தனிமனிதன் அல்ல" என்று நிறுவனர் ஒலிபெருக்கியில் தொடங்கினார். "ஒரு நம்பிக்கை ஏறப்போகிறது. நான் கண்ணாடி பார்ப்பதில்லை. பழைய சட்டைகளைப் போட்டுப் பார்ப்பதில்லை. என் கருவி சொல்வதைக் கேட்கிறேன். நீங்களும் அப்படியே இருங்கள்."

தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தட்டு தரையில் இடித்தது. பழக்கத்தில் இரண்டு சங்கிலிகளையும் இறுகப் பற்றி, கைகள் நடுங்க, கண்களை மூடிக்கொண்டார். தான் உட்கார்ந்திருக்கும் தட்டின் சங்கிலியைத் தானே இழுத்தால் எடை குறையாது. அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மதுவந்தி எண்ண, தொண்டர்கள் பாக்கெட்டுகளை அடுக்கினார்கள். அறுபதில் நாதஸ்வரம் வேகமெடுத்தது. எழுபதில் சபை எழுந்து நின்றது. எழுபத்திரண்டாவது பாக்கெட்டை வேலம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மலர் தூவினார்கள். தட்டு அசையவில்லை.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றார் மதுவந்தி. "ஒரு பாக்கெட் சரியாக உட்காரவில்லை."

சரியாக உட்கார வைத்தார்கள். அசையவில்லை. எழுபத்தைந்து வைத்தார்கள். காலை டிபன் என்று யாரோ சொன்னார்கள். எண்பது. பட்டு வேட்டி கனம் என்று இன்னொருவர் சொன்னார். எண்பத்தைந்துக்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. மதுவந்தி எண்ணுவதை நிறுத்திவிட்டார். சபை எண்ணத் தொடங்கியது. நிறுவனர் கண்ணைத் திறக்கவே இல்லை. தொண்ணூற்றாறு என்று சபை சொன்னபோது தராசு கிரீச்சிட்டது, ஜெயராம் தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பினார். நாதஸ்வரம் அதற்கு முன் நின்றதா பின் நின்றதா என்பதில்தான் எங்களுக்குள் தகராறு.

முன்வரிசையில் கலீமுல்லா மெல்லச் சொன்னார்: "நம்ம கடைல போட்டிருந்தா எண்பதுக்கு முடிச்சிருப்பேன்."

நிறுவனர் தட்டில் இருந்தபடியே ஒலிபெருக்கியை வாங்கினார். நான் எதிர்பார்த்தது இதுவரைதான். இதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

"நண்பர்களே" என்றார். "என் எடையில் மாற்றமில்லை. என் எடை எழுபத்திரண்டு. அப்படியென்றால் தவறு எங்கே? யோசியுங்கள். பாக்கெட்டில் இருக்கிறது. ஒரு பாக்கெட்டில் ஒரு கிலோ இருக்கும் என்று யார் சொன்னது?"

"பாக்கெட்டுல போட்டிருக்கு" என்றாள் வேலம்மா.

"போட்டிருக்கும். போடத்தான் செய்வோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுபத்திரண்டு கிலோவுக்குத் தொண்ணூற்றாறு பாக்கெட். ஒரு பாக்கெட்டில் முக்கால் கிலோ. அவ்வளவுதான் இருக்கிறது. நிறுவனர் நான் சொல்கிறேன். என்னைவிட உங்களுக்குத் தெரியுமா?"

வேலம்மா தட்டுக்குக் கிட்டே வந்தாள்.

"அப்ப இத்தினி மாசமா எனுக்குக் கொறச்சுக் குத்துக்கினு இருந்தியா?" என்றாள் வேலம்மா.

"ஆமாம்" என்றார் ஜெயராம், நிம்மதியாக.

அதன்பிறகு மேடையைச் சுற்றி நிறையப் பேர் வந்துவிட்டார்கள். யாரோ அவர் கையைப் பிடித்துத் தட்டிலிருந்து இறக்கினார்கள், மரியாதையோடு இல்லை. தினைத் தட்டு தொப்பென்று தரைக்கு வந்தது, வெறும் தட்டு மேலே போயிற்று. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு விசில் கேட்டது. எல்லோரும் நின்றுவிட்டார்கள்.

செண்பகம் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்படி வந்தாள் என்று தெரியவில்லை.

"பாய், பதினாறு பாக்கெட்ட எறக்கு" என்றாள். "எண்பது போதும்."

கலீமுல்லா இறக்கினார். நானும் அவரும் பிடித்துக்கொள்ள, உயரத் தொங்கிய தட்டில் ஊஞ்சலில் உட்காருவதுபோல உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டாள். தட்டு ஒரு முறை நடுங்கியது, கொஞ்சம் தாழ்ந்தது, அங்கேயே நின்றது. தினை தரையிலேயே இருந்தது. அவள் கால்கள் தரையைத் தொடவில்லை.

"டாக்டர் சார்" என்று கூப்பிட்டாள். தௌசீஃப் எழுந்து நின்றார். "பாக்கெட்டுல முழுக் கிலோ கீதுன்னா நான் எண்பதுக்குக் கீழ. பெரியவர் சொல்றாப்ல முக்காக் கிலோன்னா நான் அறுபதுக்குக் கீழ. உங்களுக்கு எது வசதியோ எடுத்துக்கோங்க. வெள்ளிக்கெழம. நிறுவனத்தோட பொருளு. நிறுவனர் இங்கதான் நிக்கறாரு. வேற இன்னா வேணும்?"

மருத்துவர் மதுவந்தியைப் பார்த்தார். மதுவந்தி நிறுவனரைப் பார்த்தார். நிறுவனரின் ஜிப்பாவை வேலம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். மதுவந்தி, எடையைச் சொல்லியே பழகியவர், ஒலிபெருக்கியை எடுத்து, "அறுவை ஒப்புதல் எடை, எண்பதுக்குக் கீழ்" என்று அறிவித்தார்.

தௌசீஃப் முதல் தடவையாகச் சிரித்தார். "தியேட்டர் போட்டுடறேன் மேடம்" என்றார்.

பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

செண்பகத்துக்குப் பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஜூனில் மைதானத்தில் நின்றாள். வேப்பமரத்தடி நாற்காலியை நூலகத்துக்கு அனுப்பிவிட்டாள். தௌசீஃபின் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை ரத்து செய்து, சொந்தமாக ஒரு எடைக்கருவி வாங்கி, அதற்கு மாலை போடக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டது. மதுவந்தி பெசன்ட் நகரில் முடி வளர்க்கும் நிறுவனம் ஒன்றில் ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார். அங்கே முடியை அளக்கும் நாள் எது என்று நான் கேட்கவில்லை. கலீமுல்லா தராசைத் திரும்பத் தொங்கவிட்டார், கல்லோடு. லகிமா மூடிக் கிடக்கிறது. முகப்பில் இருந்த இரண்டு உருவங்களில் கோட்டுப் போட்டதை மட்டும் யாரோ கிழித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் கருவிமேல் நான் புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன்.

அந்தத் தினையைப் பாக்கெட்டில் போட்டுக் கொடுத்தவர்கள் ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் குழு. அரசாங்க அதிகாரிகள் வந்து மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் நிறுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் சரியாக ஒரு கிலோ இருந்தது, சிலவற்றில் ஒரு பிடி அதிகமாகவும். லகிமாவில் சரியாக இருந்த ஒரே பொருள் அதுதான். முக்கால் கிலோ என்று சபையில் சொல்லித் தங்கள் பெயரைக் கெடுத்துவிட்டதாக அந்தப் பெண்கள் ஜெயராம்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். தாம் சொன்னது உண்மை என்று அவர் நிரூபிக்கலாம். அதற்கு நீதிமன்றத்தில் ஒரு தடவை எடை பார்த்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு முறையும் வாய்தா வாங்குகிறார். கடைசித் தடவை அவர் சொன்ன காரணம், அன்று வெள்ளிக்கிழமை இல்லை என்பது.